தொலைமருத்துவமும் அளந்து சொல்லும் கையும்

வத்தல்மலையிலோ சித்தேரியிலோ அஞ்செட்டியை அடுத்த காட்டோரக் கிராமங்களிலோ வாழும் ஒருவர் சிறப்பு மருத்துவரைப் பார்க்க வேண்டுமானால், பெரும்பாலும் ஒரு நாள் கூலியை இழந்து, தருமபுரிக்கோ கிருஷ்ணகிரிக்கோ இறங்கி வர வேண்டியிருக்கிறது. இந்தப் பயணங்களுள் தவிர்க்கக்கூடியவற்றைத் தவிர்ப்பதே தொலைமருத்துவத்தின் நோக்கம். அதை வெறும் வீடியோ அழைப்பு என்று கொண்டால், அது எங்கே பலம் பெறுகிறது, எங்கே பிழைபடுகிறது என்பது விளங்காது.

நேரில் பார்க்கும் மருத்துவர் நாடி பிடிக்கிறார், நெஞ்சொலியைக் கேட்கிறார், வயிற்றை அழுத்திப் பார்க்கிறார். திரையின் வழியாக அவருக்குக் கிடைப்பவை நோயாளியின் முகமும் பேச்சும்தான். மற்றவற்றை யாரேனும் அளந்து, எண்களாகவும் படங்களாகவும் அவருக்கு அனுப்ப வேண்டும். எனவே, இணையத்தின் வேகத்தைக் காட்டிலும், நோயாளியின் அருகில் இருந்து அளப்பவரின் பயிற்சியே இச்சிகிச்சையின் தரத்தைத் தீர்மானிக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

இரத்த அழுத்தத்தையே எடுத்துக்கொள்வோம். நோயாளி சுமார் 5 நிமிடம் அமைதியாக உட்கார்ந்திருக்க வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும். பாதங்கள் தரையில் படிய வேண்டும். பட்டை கட்டிய கை இதயத்தின் மட்டத்தில் தாங்கப்பட்டிருக்க வேண்டும். கை கீழே தொங்கினாலோ, பருத்த கையில் சிறிய பட்டையைக் கட்டினாலோ அளவு உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். மேடேறி வந்தவருக்கு வந்த உடனே அளந்தாலும் அப்படித்தான். தொலைவில் இருக்கும் மருத்துவருக்கு அந்தத் தொங்கிய கை தெரியாது. எண் மட்டுமே தெரியும். அதை நம்பி அவர் மாத்திரையின் அளவை உயர்த்திவிடக்கூடும்.

இசிஜி இதைவிட நுட்பமானது. மார்பிலும் கை கால்களிலும் பொருத்தப்படும் 10 மின்முனைகளைக் கொண்டு இதயத்தின் மின்னோட்டம் 12 கோணங்களில் வரையப்படுகிறது. இரு கைகளின் ஒயர்கள் இடம் மாறினால், நலமான இதயமும் நோயுற்றதுபோல் தோன்றும். சரியாக எடுக்கப்பட்டால், வட்டார மருத்துவமனையிலிருந்து அனுப்பிய ஒரே படத்தைக் கொண்டு, இதய மருத்துவர் மாரடைப்பின் அடையாளத்தைச் சில நிமிடங்களில் கண்டு சொல்ல முடியும். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை அங்கேயே போடுவதா, உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதா என்ற முடிவும் அதைக் கொண்டே எடுக்கப்படுகிறது. இதயத் தசை கருகிக்கொண்டிருக்கும் வேளையில் மிச்சமாகும் ஒவ்வொரு நிமிடத்திற்கும் விலை உண்டு.

எல்லாவற்றையும் நேரலையில்தான் செய்ய வேண்டும் என்பதில்லை. சர்க்கரை நோயால் விழித்திரையில் ஏற்படும் நுண்ணிய இரத்தக் கசிவுகள், பார்வை மங்குவதற்கு முன்பே கேமராவில் பதிவாகிவிடுகின்றன. அந்தப் படங்களைச் சேமித்து வைத்து, சிக்னல் கிடைக்கும்போது அனுப்பினால் போதும். கண் மருத்துவர் பிறகு பார்த்துச் சொல்வார். அலைபேசிக் கோபுரம் எட்டாத மலைக் கிராமங்களுக்கு இந்த முறையே பெரிதும் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

மத்திய அரசின் தொலைமருத்துவச் சேவையான இ-சஞ்சீவனி 2019 நவம்பரில் தொடங்கியது. 2020 மார்ச்சில் வெளியான தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள் இத்தகைய ஆலோசனைக்குத் தெளிவான வரையறை அளித்தன. தமிழ்நாட்டின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் தொடங்கி வைக்கப்பட்டது. அது தொலைமருத்துவத் திட்டம் அன்று. ஆனால் வீடு தேடிச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் பெண் தன்னார்வலர்களை அது உருவாக்கியது. திரைவழி மருத்துவத்துக்கு இல்லாமல் முடியாத கைகள் அவர்களுடையவை.

போதை மருந்துச் சட்டத்தின்கீழ் வரும் மருந்துகளைத் தொலைவழியில் எழுதித்தர அந்த வழிகாட்டுதல்கள் அனுமதிப்பதில்லை. நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்று மருத்துவர் கருதினால், ஆலோசனையை எந்தக் கட்டத்திலும் நிறுத்தி நோயாளியை வரச் சொல்லலாம். கடும் வயிற்றுவலியோடு ஒருவர் திரைமுன் அமர்ந்தால், தயங்காமல் அந்த உரிமையைப் பயன்படுத்துவதே முறை. ஏனெனில் அடிவயிற்றின் இறுக்கத்தை விரல்களால் உணர்ந்துதான் அறிய வேண்டும்.