பழைய வேட்டை வில்லில் மிச்ச சக்தி எங்கே போகிறது?

பழைய வில் ஒன்றைக் கையில் கொடுத்தால் பத்தில் ஒன்பது பேர் முதலில் செய்வது, அம்பே இல்லாமல் நாணை இழுத்து 'டங்'கென்று விட்டுப் பார்ப்பதுதான். தயவுசெய்து செய்யாதீர்கள். அறுபது வருஷம் ஒரு கீறல் இல்லாமல் இருந்த வில் அந்த ஒரு தடவையில் இரண்டாகப் பிளந்துவிடலாம். ஏன் என்பது புரிந்துவிட்டால் பழைய வில்லைப் பற்றி முக்கால்வாசி புரிந்த மாதிரி.

1960களின் அமெரிக்க ரிகர்வ் வேட்டை வில், அதாவது நுனிகள் இலக்குப் பக்கமாக வளைந்த வில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பிடிக்குப் பக்கத்தில் கையால் 45 என்றும் 28 என்றும் எழுதியிருக்கும். நாணை 28 அங்குலம் இழுத்தால் 45 பவுண்டு விசை தேவை, அதாவது கிட்டத்தட்ட 20 கிலோ எடையை விரல் நுனியில் தாங்குகிற மாதிரி. நாண் ஏற்றி வைத்த நிலையிலேயே அது பிடியிலிருந்து சுமார் 8 அங்குலம் தள்ளித்தான் நிற்கிறது. ஆகவே உண்மையில் இழுப்பது 20 அங்குலம், அரை மீட்டர். விசை பூஜ்யத்தில் தொடங்கி 200 நியூட்டனுக்கு ஏறுகிறது, சராசரி 100 என்று வைத்தால் 50 ஜூல் சக்தி வில்லுக்குள் போய் உட்கார்கிறது.

அம்பு அதை முழுசாக எடுத்துக்கொண்டு போவதில்லை. நல்ல வில்லில் 70 சதவீதம் போகும் என்று கொண்டால் 35 ஜூல். 30 கிராம் அம்பு அதை வாங்கிக்கொண்டு நொடிக்கு 48 மீட்டர் வேகத்தில் கிளம்பும். மிச்சம் 15 ஜூல்? அது வில்லின் இரண்டு கைகளும், லிம்ப் என்கிறோமே அவை, முன்னால் பாய்ந்து சட்டென்று நிற்கும்போது அதிர்வாகவும் சத்தமாகவும் போகிறது. அம்பே இல்லையென்றால் 50 ஜூலும் லிம்ப்பிலும் நாணிலும்தான் இறங்கியாக வேண்டும். பிளப்பு அங்கேதான்.

இதற்கு ஓர் அழகான கணக்கு உண்டு. அமெரிக்க இயற்பியலாளர் பால் க்ளாப்ஸ்டெக் வில்லை அளந்து பார்த்து, ஒவ்வொரு வில்லும் அம்போடு கூடவே ஒரு கண்ணுக்குத் தெரியாத எடையையும் சுமந்து எறிகிற மாதிரி நடந்துகொள்கிறது என்றார். அந்த எடை ஒரு வில்லுக்கு ஏறக்குறைய மாறாது. நம் உதாரண வில்லில் அது சுமார் 13 கிராம் வரும். 30 கிராம் அம்பு போட்டால் மொத்தம் 43, அதில் அம்பின் பங்கு 70 சதவீதம். சரி, வேகம் வேணும் என்று 15 கிராம் கார்பன் அம்பு போட்டால்? மொத்தம் 28, அம்பின் பங்கு 54 சதவீதம்தான். வேகம் கூடும், ஆனால் வில்லுக்குள் தங்குவது 15 ஜூலிலிருந்து 23 ஜூலாக ஏறிவிடும். பழைய வில்லுக்கு, இழுக்கும் விசையில் ஒவ்வொரு பவுண்டுக்கும் 9, 10 கிரெய்ன் எடையுள்ள அம்பாவது போடு என்று அனுபவசாலிகள் அடித்துச் சொல்வது இதனால்தான். (ஒரு கிரெய்ன் 0.065 கிராம்.)

நாணிலும் இதே கதை. இன்றைய வில்களில் டைனீமா மாதிரியான, கொஞ்சமும் நீளாத இழையில் நாண் போடுகிறார்கள். அந்தக் காலத்து வில்லின் நுனிகள் டேக்ரானுக்காகச் செதுக்கப்பட்டவை. டேக்ரான் பாலியஸ்டர்தான், கடைசி நொடியில் லேசாக நீண்டு அடியை வாங்கிக்கொள்ளும். நீளாத நாணைப் பூட்டினால் அந்த அடி நேராக நுனியில் நாண் மாட்டும் வெட்டில் போய் விழும், கொஞ்ச நாளில் நாண் மரத்தை அறுத்துக்கொண்டு இறங்கிவிடும். பழைய வில்லுக்கு டேக்ரான் நாண், இதில் பேரமே கிடையாது.

லிம்ப்பைப் பக்கவாட்டில் திருப்பி வெளிச்சத்தில் பாருங்கள். நடுவில் மெல்லிய மேப்பிள் மரப் பட்டைகள், இருபுறமும் கண்ணாடியிழை. வளையும்போது இலக்கைப் பார்க்கிற பக்கம் இழுபடுகிறது, நம்மைப் பார்க்கிற பக்கம் நசுங்குகிறது, நடுவில் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. அதனால் வலுவான பொருளை வெளியே வைத்து, லேசான மரத்தை நடுவில் இடைவெளிக்காக மட்டும் வைத்தார்கள். அப்புறம் அந்த நுனி வளைவு. நாண் ஏற்றிய நிலையில் நாண் அந்த வளைவின் மேல் படிந்து கிடக்கும், இழுக்க இழுக்க அது உரிந்து எழும்பும், லிம்ப் நீண்டுகொண்டே போவதுபோல நெம்பு கூடும். ஆகவே ஆரம்பத்திலேயே விசை நன்றாக ஏறி, கடைசி அங்குலங்களில் சுவரில் முட்டுகிற மாதிரி ஆகாமல் இழுவை மிருதுவாக இருக்கும்.

இனி அம்பு. வலது கைக்காரர் வில்லில் அம்பு பிடியின் இடது பக்கமாக உட்கார்ந்திருக்கிறது, நாணோ வில்லின் நடுவை நோக்கிப் பாய்கிறது. கணக்குப்படி அம்பு இடதுபுறம் ஓடிவிட வேண்டும். ஓடுவதில்லை. 1930களில் அமெரிக்க இயற்பியலாளர் கிளாரன்ஸ் ஹிக்மன் அதிவேக கேமராவில் படம் பிடித்துக் காட்டினார்: நாண் தள்ளும்போது அம்பு வில்லாக வளைந்து, பிடியைச் சுற்றிக்கொண்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நெளிந்தபடி போகிறது. அந்த நெளிவு வில்லுக்குப் பொருந்தியிருக்க வேண்டும். அம்புத்தண்டை 26 அங்குல இடைவெளியில் இரண்டு முளைகள் மேல் வைத்து, நடுவில் 2 பவுண்டு எடையைத் தொங்கவிட்டு, எவ்வளவு தொய்கிறது என்று பார்ப்பதே பழைய அளவுமுறை. பழைய வில்களில் பிடிக்கு மேல் அம்பு உட்காரும் வெட்டு வில்லின் நடுவரை போகாததால் அம்பு இன்னும் அதிகமாகச் சுற்றிப் போக வேண்டும், விறைப்பான கார்பன் அம்பு போட்டால் இடது பக்கமாகவே போய்க் குத்தும். போர்ட் ஓர்ஃபோர்ட் சிடார் மரத் தண்டுகளைத் தேடி சேகரிப்பாளர்கள் அலைவது வெறும் பழமை மோகம் இல்லை.

வேட்டைக்கு வருவோம். அமெரிக்காவின் விஸ்கான்சினில் 1934இல் வில்லுக்கென்றே தனி மான் வேட்டைப் பருவம் அனுமதிக்கப்பட்டது. துப்பாக்கியோடு ஒப்பிட்டால் 35 ஜூல் ஒன்றுமே இல்லை, மான் வேட்டைத் துப்பாக்கி ரவையில் 2,000 ஜூலுக்கு மேல் இருக்கும். அம்பு அடித்து வீழ்த்துவதில்லை, அறுத்து ரத்தம் இழக்கவைத்தே கொல்கிறது. சவரக்கத்தி மாதிரி தீட்டிய முனையும், உள்ளே போய்க்கொண்டே இருக்கும் எடையும்தான் அங்கே வேலை செய்கின்றன. வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று வரிசையாகத் துளைத்ததாகப் பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதை எழுதியவருக்கு ஜூல் தெரியாது, ஆனால் கனமான அம்பு ஊடுருவும் என்பது தெரிந்திருக்கிறது.

மிச்ச சக்தி சத்தமாகவும் போகிறது என்றேன் அல்லவா, வேட்டைக்காரருக்கு அங்கேதான் தலைவலி. 20 மீட்டரில் மான் நிற்கிறது. நாணின் சத்தம் 0.06 நொடியில் அதன் காதுக்குப் போய்விடும், அம்பு போய்ச் சேர 0.42 நொடி. மான் சத்தத்தைக் கேட்டுத் துள்ளி ஓடுவதற்கு முன் கால்களை மடக்கி உடம்பைத் தாழ்த்தும். கால்களைச் சும்மா தளர்த்தினாலே போதும், கால் நொடியில் புவியீர்ப்பு உடம்பை ஒரு அடி கீழே கொண்டுவந்துவிடும், அம்பு முதுகுக்கு மேலே போகும். அதனால்தான் நாணில் ரோமப் பந்தையும் ரப்பர் குஞ்சத்தையும் கட்டுகிறார்கள். கனமான அம்பும் அதே வேலையைச் செய்கிறது, சக்தியைத் தானே எடுத்துக்கொண்டு போவதால் வில் கத்துவதற்கு மிச்சம் குறைவு.

இதெல்லாம் அங்கே. இங்கே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பொழுதுபோக்கு வேட்டை என்ற பேச்சே கிடையாது. அந்தச் சட்டம் ஆயுதப் பட்டியலில் வில் அம்பையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. போரிவலியில் சஞ்சய் காந்தி பூங்காவுக்குள் புள்ளிமான் இருக்கிறது என்பதற்காக வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே போனால், நாணைத் தொடாவிட்டாலும் அனுமதியில்லாமல் ஆயுதம் கொண்டுபோனதே குற்றம். மும்பையில் பழைய வில் வைத்திருக்கும் நாங்கள் சிலர் அடிப்பது வைக்கோல் கட்டையும் ஃபோம் பலகையையும்தான். தாராவியில் ஒரு திருநெல்வேலி அண்ணாச்சியிடம் முன்கைக் காப்பு தைக்கக் கொடுத்தபோது, "ராமர் வேஷமா தம்பி?" என்று கேட்டுவிட்டு, நாண் உரசும் பக்கம் தையல் வராமல் தோலை மடித்துத் தைத்துக் கொடுத்தார். கடையில் விற்பதில்கூட அந்தக் கவனம் இருக்காது.

மும்பையின் உண்மையான எதிரி ஈரம். பழைய ஆசிய வில்களில் உள்பக்கம் எருமைக்கொம்பு, வெளிப்பக்கம் விலங்கின் தசைநாண், நடுவில் மரம். கொம்பும் தசைநாணும் மரத்தைவிடப் பல மடங்கு வளைவைத் தாங்கும். ஆனால் ஒட்டியது தோல் பசையில், ஈரக்காற்றில் அது இளகிவிடும். முகலாயர் காலத்தில் இந்தியாவில் முழுக்க எஃகிலேயே வில் செய்ததற்கு இது ஒரு முக்கிய காரணம், கிடங்கில் எத்தனை மழைக்காலம் கிடந்தாலும் அது இளகாது. விலை என்ன தெரியுமா? எஃகு லிம்ப் கனம், அதை நகர்த்தவே பெரும்பங்கு சக்தி போய்விடும், க்ளாப்ஸ்டெக்கின் அந்தக் கண்ணுக்குத் தெரியாத எடை எக்கச்சக்கமாகிவிடும். கண்ணாடியிழை வில்லுக்கு மழை பயமில்லை, அதன் பசைக்கு வெயில்தான் ஆகாது. மே மாதம் காரின் டிக்கியில் வைத்து மறந்தால் பட்டைகள் விட்டுப்போகும்.

வாங்கும்போது லிம்ப்பின் நீளவாக்கில் வெள்ளைக் கோடுகள் தெரிந்தால் பதற வேண்டாம். இழைகள் நீளவாக்கில்தான் ஓடுகின்றன, விரிசல் பெரும்பாலும் இழைகளுக்கு இடையிலான பிசினில்தான். குறுக்கே ஒரு கோடு என்றால் இழையே அறுந்திருக்கிறது, அதைச் சுவரில் மாட்டலாம், இழுக்கக் கூடாது. நாண் ஏற்றி ஒரு நுனியிலிருந்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள், நாண் இரண்டு லிம்ப்புக்கும் நடுவே ஓட வேண்டும், ஒதுங்கினால் முறுக்கு விழுந்திருக்கிறது. வில்லைக் காலுக்கிடையில் கொடுத்து நாண் ஏற்றியவர்களின் கைங்கரியம் அது, கயிற்று ஸ்ட்ரிங்கர் வைத்து ஏற்றினால் இரண்டு லிம்ப்பும் சமமாக வளையும். லேசான முறுக்கை வெதுவெதுப்பான நீர் ஊற்றி எதிர்ப்பக்கம் பொறுமையாகத் திருகிச் சரிசெய்ய முடியும்.

பேர் (Bear) என்ற அமெரிக்க வில் கம்பெனியின் வில்லில் 1953 என்று அச்சடித்திருப்பதைக் காட்டி, எழுபது வருஷப் பொக்கிஷம் என்று விலை சொல்வார்கள். அது கனடா காப்புரிமையின் ஆண்டு. பிறகு வந்த வில்களிலும் அதேதான் அச்சாகியிருக்கிறது, விலையைப் பாதியிலிருந்து பேச ஆரம்பிக்கலாம்.