டவர் இல்லாத காட்டில் கைபேசி எப்படிக் கதை சொல்கிறது?

மலைச்சாலையில் கார் ஏறிக்கொண்டிருக்கிறது. கைபேசியின் மூலையில் இருந்த சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக மறைந்து, கடைசியில் ‘சேவை இல்லை’ என்று வந்துவிட்டது. ஐந்து நிமிடமாக ஸ்பீக்கரில் சத்தமே இல்லை. ஒரு வளைவுக்குக் கொஞ்சம் முன்னால், யாரும் எதையும் தொடாமலே ஒரு குரல் பேச ஆரம்பிக்கிறது: “வேகத்தைச் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வளைவைத் தாண்டியதும் இடது பக்கம் அருவி தெரியும்.” வண்டி திரும்புகிறது. அருவி தெரிகிறது.

ஒலி வழிகாட்டி ஆப்பைப் போட்டுக்கொண்டு காட்டுவழியில் போகிறவர்கள் முதல் தடவை திகைத்துப்போவது இந்த இடத்தில்தான். இணையம் இல்லை, டவர் இல்லை, அப்புறம் இதற்கு எப்படித் தெரிந்தது?

மேலே இருந்து ஏதோ ஒன்று நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் ஜிபிஎஸ் செயற்கைக்கோளுக்கு நம் கைபேசி இருப்பதே தெரியாது. அது ஒரு வானொலி நிலையம் மாதிரி. ‘நான் இந்த எண் செயற்கைக்கோள், இப்போது என் கடிகாரத்தில் நேரம் இது’ என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். கைபேசி அதைக் கேட்டு, தானே கணக்குப் போட்டுக்கொள்கிறது. பதிலுக்கு எதையும் அனுப்புவதில்லை. அதனால்தான் டவர் இல்லாத இடத்திலும், பெரும்பாலான கைபேசிகளில் ஃப்ளைட் மோடிலும்கூட, இருப்பிடம் தெரிகிறது.

கணக்கு இதுதான். செயற்கைக்கோள்கள் பூமியிலிருந்து சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. தலைக்கு நேர்மேலே இருக்கும் ஒன்றிலிருந்து சிக்னல் கீழே வந்துசேர ஏறக்குறைய 67 மில்லிசெகண்டு ஆகும். புறப்பட்ட நேரம் சிக்னலிலேயே இருக்கிறது. வந்துசேர்ந்த நேரம் தெரிந்தால், இடைப்பட்ட நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கித் தூரத்தைக் கண்டுபிடித்துவிடலாம். மூன்று செயற்கைக்கோள்களிலிருந்து தூரம் கிடைத்தால் நாம் இருக்கும் இடம் பிடிபட்டுவிடும்.

ஆனால் நம் கைபேசியில் இருப்பது மலிவான குவார்ட்ஸ் கடிகாரம். ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் தூரம் 300 மீட்டர் மாறிவிடும். செயற்கைக்கோளில் இருப்பதுபோல அணுக்கடிகாரத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைய முடியாதே. அதற்காகத்தான் நான்காவது செயற்கைக்கோள். தன் கடிகாரம் எவ்வளவு பிசகியிருக்கிறது என்பதையும் தெரியாத எண்ணாக வைத்துக்கொண்டு, நான்கு சமன்பாடுகளைக் கைபேசி ஒன்றாகத் தீர்க்கிறது. இடமும் தெரிகிறது, துல்லியமான நேரமும் சேர்ந்தே வருகிறது. எனக்கு இதுதான் ஜிபிஎஸ்ஸின் மிக அழகான பகுதி.

வந்துசேரும் சிக்னலோ மிக மெலிந்தது. ஒரு வாட்டை ஒரு கோடியால் வகுத்து, வந்த விடையை மறுபடியும் நூறு கோடியால் வகுத்தால் எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவுதான் அதன் சக்தி. ஆன்டெனாவில் இயல்பாகவே இருக்கும் இரைச்சல் இதைவிடப் பெரியது. இரைச்சலுக்குள் புதைந்ததை எப்படி எடுப்பது? ஒவ்வொரு செயற்கைக்கோளுக்கும் பூச்சியமும் ஒன்றுமாக 1,023 துண்டுகள் கொண்ட தனி வரிசை ஒன்று உண்டு. ஒரு மில்லிசெகண்டுக்கு ஒருமுறை அது திரும்பத் திரும்ப வரும். அந்த வரிசைகள் எல்லாம் கைபேசிக்கு மனப்பாடம். கூட்டத்தின் இரைச்சலுக்கு நடுவே, நமக்கு நன்றாகத் தெரிந்த பாட்டை யாரோ முணுமுணுத்தால் பிடித்துவிடுகிறோம் அல்லவா, அதே மாதிரிதான். வரிசையை முன்னும் பின்னும் நகர்த்தி, பொருந்துகிற இடம் வரும்வரை தேடுகிறது.

கிளம்புவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றும் இங்கே இருக்கிறது. கணக்குப் போட, செயற்கைக்கோள் அந்தக் கணத்தில் வானத்தில் எங்கே இருக்கிறது என்பதும் தெரியவேண்டும். அந்த விவரத்தையும் செயற்கைக்கோளே அனுப்புகிறது, ஆனால் நொடிக்கு வெறும் 50 பிட் வேகத்தில். முழுதாக வாங்க அரை நிமிடம் ஆகும். நடுவில் ஒரு மரமோ பாறையோ மறைத்தால் விட்டுப்போனதற்காக மறுபடி காத்திருக்க வேண்டியதுதான். டவர் இருந்தால் கைபேசி இதே விவரத்தை இணையம் வழியாகச் சட்டென்று வாங்கிக்கொள்ளும். ஆகவே சிக்னல் இருக்கும்போதே ஆப்பைத் திறந்து, வரைபடத்தில் நீலப்புள்ளி சரியான இடத்தில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். குரல் பதிவுகளையும் வரைபடத்தையும் அப்போதே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். பேச்சு மட்டும்தான் என்பதால் அளவு பெரிதாக இருக்காது. 64 கேபிபிஎஸ் தரத்தில் ஒரு மணி நேரப் பேச்சு 30 எம்பிக்குள் அடங்கிவிடும்.

சரி, இடம் தெரிந்துவிட்டது. எப்போது பேசுவது?

வழிகாட்டிக் குரல் கேசட்டில் வந்த காலத்தில், கேட்பவரே இந்த வேலையைச் செய்தார். இன்ன மைல்கல் வந்ததும் பிளேயை அழுத்துங்கள், மணி அடித்ததும் நிறுத்துங்கள் என்று கேசட் சொல்லும். இப்போது ஆப் அதைத் தானே செய்கிறது. வரைபடத்தில், கண்ணுக்குத் தெரியாத வட்டங்களைச் சாலை நெடுகப் போட்டுவைத்திருப்பார்கள். நம் புள்ளி ஒரு வட்டத்துக்குள் நுழைந்ததும் அதற்கு உரிய பதிவு ஓடும்.

வட்டத்தை எவ்வளவு பெரிதாகப் போடுவது என்பதிலேயே சிக்கல் ஆரம்பிக்கிறது. கைபேசி வழக்கமாக நொடிக்கு ஒருமுறை இருப்பிடத்தைச் சொல்லும். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஒரு நொடியில் 20 மீட்டர் ஓடியிருப்போம். வட்டத்தின் விட்டமே 20 மீட்டர் என்றால், இரண்டு புள்ளிகளுக்கு நடுவே அதை ஒரே தாவாகத் தாண்டிவிடலாம். போதாததற்கு, திறந்த வானத்தின் கீழேயே கைபேசி 5 மீட்டர் வரை பிசகும். காட்டிலும் பள்ளத்தாக்கிலும் இன்னும் மோசம். ஈர இலைகள் சிக்னலைக் குடித்துவிடும். பாறைச் சுவரில் பட்டுத் திரும்பி வரும் சிக்னல் கூடுதல் தூரம் ஓடி வருவதால் கணக்கைக் கெடுக்கும். ஆகவே வட்டத்தைப் பெரிதாகத்தான் போடவேண்டும்.

பெரிதாகப் போட்டால் கொண்டை ஊசி வளைவில் மாட்டிக்கொள்ளும். ஒருமுறை நான் போன மலைப்பாதையில், “வலது பக்கம் ஏரி பாருங்கள்” என்று குரல் உற்சாகமாகச் சொன்னது. வலது பக்கம் இருந்தது, கை நீட்டினால் தொட்டுவிடக்கூடிய பாறை. அந்த வாக்கியம் எங்களுக்கு மேலே, அடுத்த மடிப்பில் ஓடும் சாலைக்கு உரியது! மேலிருந்து பார்க்கும் வரைபடத்தில் இரண்டு சாலைகளுக்கும் இடையே சில பத்து மீட்டர்தான். அப்படியானால் உயரத்தை வைத்துப் பிரிக்கலாமே என்று தோன்றும். ஆனால் ஜிபிஎஸ்ஸின் பலவீனமே உயரம்தான். செயற்கைக்கோள்கள் எல்லாம் நமக்கு மேலேதான் இருக்கின்றன, பூமி மறைப்பதால் கீழிருந்து ஒன்றும் கேட்காது. அதனால் மேல்-கீழ் பிசகு பக்கவாட்டுப் பிசகைவிடப் பெரிதாக வரும்.

நன்றாகச் செய்த ஆப்கள் திசையைப் பார்க்கின்றன. கொண்டை ஊசியின் இரண்டு கைகளிலும் வண்டி எதிரெதிர்த் திசையில் போகும். ‘வட்டத்துக்குள் இருக்கவேண்டும், வடக்கு நோக்கியும் போய்க்கொண்டிருக்கவேண்டும்’ என்று நிபந்தனை வைத்துவிட்டால் ஏரி தன் இடத்திலேயே வரும். திரும்பி வரும்போது இடம் வலம் மாறுவதற்கும் இதே நிபந்தனைதான் காப்பு.

இவ்வளவுக்கும் பிறகு மிச்சம் இருப்பது நேரம். என்னைக் கேட்டால் உண்மையான வித்தை இதில்தான் இருக்கிறது. அந்த அருவியையே எடுத்துக்கொள்வோம். சாலையில் 200 மீட்டர் நீளத்துக்குத்தான் அது கண்ணில் படுகிறது; மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 13 நொடி. அருவியைப் பற்றிச் சொல்ல 20 நொடி வேண்டும். அப்படியானால் 300 மீட்டர் முன்னதாகவே ஆரம்பிக்கவேண்டும். ஆனால் மணிக்கு 36-இல் ஊர்ந்து வருகிறவருக்கு அந்த 300 மீட்டர் 30 நொடி. பேச்சு முடிந்து 10 நொடி கழித்துத்தான் அருவி வரும். 72-இல் பறக்கிறவருக்கோ 15 நொடிதான். குரல் முன்னுரை முடிப்பதற்குள் பாதி அருவி பின்னால் போய்விடும்.

இதற்காகக் கதையை இரண்டாக வெட்டுவார்கள். அருவி எப்படி உருவானது, பாறை என்ன வகை என்பதெல்லாம் முன்னாலேயே, இரண்டு கிலோமீட்டர் தள்ளி நிதானமாக வந்துவிடும். ‘இதோ, இடது பக்கம்’ என்பது மட்டும் வளைவை ஒட்டிய தனி வட்டத்தில் இருக்கும், மூன்று நொடிக்கு மேல் போகாது. நீளமான கதைக்குச் சில நொடி முன்பின் ஆனால் பரவாயில்லை, சுட்டிக்காட்டுவதற்கு அது ஆகாது.

ஒரு கதை முடிவதற்குள் அடுத்த வட்டம் வந்துவிட்டால் இன்னொரு தலைவலி. நடுவில் வெட்டினால் கேட்பவர் எரிச்சலாவார். வரிசையில் நிற்கவைத்தால் ‘இதோ’ என்று சொல்லும்போது அது பின்னால் போயிருக்கும். இதைத் தவிர்க்க, வேகமாகப் போகக்கூடிய வண்டியை மனதில் வைத்துத்தான் கதையை எழுதுகிறார்கள். இரண்டு வட்டங்களுக்கு நடுவே 5 கிலோமீட்டர், மணிக்கு 75 கிலோமீட்டர் போகக்கூடிய சாலை என்றால் கடக்க 4 நிமிடம். கதைக்கு 3 நிமிடம்தான் அனுமதி. அந்த வண்டிக்கு மிஞ்சுவது ஒரு நிமிட மௌனம். அதில் பாதி வேகத்தில் ஏறுகிற வண்டிக்கு அதே இடைவெளியில் 5 நிமிடம் சத்தமே இருக்காது. பலர் ஆப் நின்றுவிட்டது என்று நினைத்துக் கைபேசியை எடுத்துத் தட்டிப் பார்ப்பது அப்போதுதான்.