ஈவ் டீசிங்: கேலியா, சீண்டலா, துன்புறுத்தலா?

பஸ் கூட்டத்தைச் சாக்காக வைத்து உரசுவது, பின்னால் நின்று பாட்டுப் பாடுவது, இறங்கிய பிறகும் தெருமுனை வரை தொடர்ந்து போவது. தனித்தனிக் குற்றங்களான இந்த மூன்றையும் ஒரே பையில் போட்டுக் கட்டிய சொல் 'ஈவ் டீசிங்'. ஆங்கிலச் சொல்தான், ஆனால் இங்கிலாந்துச் சொல் அல்ல. 1960களில் இந்திய ஆங்கில நாளேடுகளில் புழங்கத் தொடங்கி, துணைக்கண்டத்துக்குள்ளேயே நின்றுவிட்டது.

'ஈவ்' என்பது விவிலியத்தின் ஏவாள். விலக்கப்பட்ட கனியைத் தின்று ஆணுக்கும் கொடுத்தவள் என்ற பழி அந்தப் பெயரோடு சேர்ந்தே வருகிறது. 'டீஸ்' என்ற வினைக்குப் பழைய ஆங்கிலத்தில் கம்பளி மயிரைப் பிய்த்து உதறிச் சிக்கெடுப்பது என்று பொருள். அதிலிருந்து ஒருவரை விடாமல் நோண்டித் தொந்தரவு செய்வதற்கு வந்து, கடைசியில் செல்லமான கிண்டலில் முடிந்தது. இரண்டையும் சேர்த்தால், தூண்டியவள் அவள், இவன் செய்தது விளையாட்டு என்றாகிவிடுகிறது. குற்றத்துக்குப் பெயர் வைக்கும்போதே பாதித் தீர்ப்பை எழுதிவிட்டார்கள்.

சட்டமும் முதலில் இதே பெயரைத்தான் எடுத்துக்கொண்டது. 1998 ஜூலையில் சென்னையில் ஆட்டோவில் வந்த கும்பலின் அட்டகாசத்தில் கீழே விழுந்து கல்லூரி மாணவி ஒருவர் இறந்தார். அதே மாதம் அவசரச் சட்டம் வந்தது. அது பிறகு 'ஈவ் டீசிங் தடைச் சட்டம்' ஆனது. பெண்ணுக்கு அச்சமோ வெட்கமோ சங்கடமோ உண்டாக்கும் ஆணின் அநாகரிகச் செயல் என்பது அதன் வரையறை. பஸ் நிறுத்தம், ரயில் நிலையம், பொது வாகனம் எல்லாம் அதில் பெயர் சொல்லியே வருகின்றன. 2002இல் திருத்தம் கொண்டுவந்து, 'ஈவ் டீசிங்' இருந்த இடத்தில் பெண்களைத் துன்புறுத்தல் என்று பொருள்படும் சொல்லை வைத்தார்கள். ஆக, சட்டத்தை விட்டு அந்தச் சொல் வெளியேறி இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. பேச்சிலிருந்துதான் இன்னும் போகவில்லை. 2012 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பிலும் அதுவே நிற்கிறது, அது வெறும் இடக்கரடக்கல் என்ற குறிப்போடு. அந்த வழக்கில் குற்றம்சாட்டப்பட்டவரே ஒரு காவலர் என்பதையும் சொல்லி வைக்கலாம்.

தமிழில் என்ன சொல்வது? கைவசம் சொல்லுக்குப் பஞ்சமில்லை.

'கேலி', 'கிண்டல்' இரண்டும் உதவாது. நண்பர்களுக்குள்ளும் நடப்பவை அவை. 'சீண்டல்' நாளிதழ்களுக்குப் பிடித்த சொல். 'தீண்டு' என்பதற்கு உறவான 'சீண்டு'வில் தொடுவது, வம்புக்கிழுப்பது என இரண்டு பொருளும் இருப்பதால் முதலில் பொருத்தமாகவே தோன்றும். ஆனால் பாம்பைச் சீண்டாதே என்கிறோம், தம்பியைச் சீண்டாதே என்கிறோம். குறும்பின் வாடை போகவில்லை. 'இடிமன்னன்' இன்னும் மோசம், இடிப்பவனுக்குக் கிரீடம் வேறு. 'அத்துமீறல்' நல்ல சொல். அத்து என்றால் எல்லை (அரபு வழி வந்தது என்பார்கள், வந்து வேர்விட்டுவிட்டது, இருக்கட்டும்). தொட்ட செயலுக்கு அது கச்சிதம், பின்தொடர்வதற்குப் போதாது. 'வன்கொடுமை' என்றால் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான 1989ஆம் ஆண்டுச் சட்டம்தான் முதலில் நினைவுக்கு வரும், குழப்பம் மிஞ்சும். எல்லாவற்றையும் தாங்கும் பொதுச்சொல் 'பாலியல் துன்புறுத்தல்'தான். நீளம் என்றால் 'பாலியல் தொல்லை'.

ஆனால் புகார் எழுதும்போது பொதுச்சொல் எதுவும் வேண்டாம். 'ஈவ் டீசிங் செய்தார்' என்று எழுதினால் எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது என்று நிலையத்தில் முழிப்பார்கள், அல்லது இருப்பதிலேயே லேசானதைப் போடுவார்கள். வினையை எழுத வேண்டும். 'இடுப்பில் கை வைத்தார்' என்றால் இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 74 அல்லது 75ஆம் பிரிவு. 'ஆபாசமாகச் சைகை செய்தார்' என்றால் 79. 'மூன்று நாளாகப் பின்னாலேயே வருகிறார், வேண்டாம் என்றும் கேட்கவில்லை' என்றால் 78. கூடவே தடம் எண், வண்டிப் பதிவெண், எந்த நிறுத்தத்துக்கும் எந்த நிறுத்தத்துக்கும் இடையில், மணி என்ன என்பதும் வேண்டும். டிக்கெட்டைக் கசக்கிப் போட்டுவிடக் கூடாது. மெஷினில் அடித்த சீட்டில் தேதியும் நேரமும் இருக்கும், அந்த வண்டியில் புகார் கொடுப்பவர் பயணம் செய்ததற்கு அதுவே முதல் சான்று. பஸ் அதற்குள் இரண்டு ஸ்டேஷன் எல்லையைத் தாண்டியிருக்கும். 'இது எங்க லிமிட் இல்லம்மா' என்று திருப்பி அனுப்பச் சட்டத்தில் இடமில்லை: எந்த நிலையத்திலும் முதல் தகவல் அறிக்கை பதியலாம் என்கிறது புதிய நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு.

கண்டக்டரின் பங்கும் இங்கேதான் வருகிறது. அந்த 2012 தீர்ப்பின்படி, பாதிக்கப்பட்டவர் புகார் சொன்னால் வண்டியை அருகிலுள்ள காவல் நிலையத்துக்கு விட வேண்டும். விடாவிட்டால் பெர்மிட்டையே ரத்து செய்யலாம். 2022இல் தமிழ்நாடு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியபோது முறைத்துப் பார்ப்பது, விசிலடிப்பது, கண்ணடிப்பது எல்லாவற்றையும் பெயர் சொல்லியே தடுத்தார்கள். அப்படிச் செய்பவரை கண்டக்டர் இறக்கிவிடலாம், போலீசில் ஒப்படைக்கலாம். ஏற உதவுகிறேன் என்று கண்டக்டரே தொட்டால் அதுவும் குற்றம். நடைமுறையில் சிக்குவது வேறு இடத்தில்: வண்டியைத் திருப்பினால் நாற்பது பேர் 'ஆபீசுக்கு லேட்டாகுது, விடும்மா' என்பார்கள். சின்ன கிண்டல்தானே என்ற நினைப்பில் வருகிற பேச்சு அது. அந்த நேரத்தில் கண்டக்டர் 'ஈவ் டீசிங் கம்ப்ளெயின்ட்' என்று சொல்வதற்கும், 'இந்தாளு அந்தம்மா மேல கை வெச்சிருக்கான், வண்டி ஸ்டேஷனுக்குப் போகுது' என்று சொல்வதற்கும் பஸ்ஸுக்குள் எழும் சத்தமே வேறு.