கண்ணீருக்கு அசையாத மை எண்ணெய்க்கு ஏன் இளகுகிறது?

என் தங்கையின் திருமணம் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் நடந்தது. அலங்காரத்துக்கென்று ஒருவரையும் ஒழுங்கு செய்யாமல் தன் முகத்தைத் தானே அலங்கரித்துக்கொள்வதென்று அவள் இரண்டு மாதங்களுக்கு முன்பே தீர்மானித்திருந்தாள். கன்னிகாதானத்தின்போது அப்பாவின் கை நடுங்குவதைக் கண்டு அவள் அழுதபோது எங்கள் எல்லாருடைய பார்வையும் அவளுடைய கண்மையின் மேல்தான் இருந்தது. கண்ணீர் கன்னத்தில் வழிந்தது. மை ஒரு மயிரளவும் அசையவில்லை. ஆனால் தாலி கட்டி முடிந்து, ஆசீர்வாதமும் முடிந்து, பிற்பகல் ஒரு மணியளவில் குடும்பப் படம் எடுக்க நின்றபோது, இரண்டு கீழிமைகளுக்கும் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு நிழல் இறங்கியிருந்தது. "வாட்டர்ப்ரூஃப் எண்டு பொய் சொல்லி வித்திருக்கிறாங்கள்" என்று பெரியம்மா தீர்ப்பளித்தார். விற்றவர்கள் பொய் சொல்லவில்லை. தண்ணீருக்குத் தாங்கும் என்றுதான் எழுதியிருந்தார்கள், அது தாங்கியது. அந்த நிழலை இறக்கியது வேறொன்று.

கண்மையின் கறுப்பு பெரும்பாலும் காபன் கரியால் அல்லது கறுப்பு இரும்பு ஒட்சைட்டால் ஆனது. இரண்டும் தண்ணீரிலும் கரைவதில்லை, எண்ணெயிலும் கரைவதில்லை. ஆகவே மை 'கரைந்தது' என்று நாம் சொல்லும்போது உண்மையில் நிறம் கரைவதில்லை. நிறத்துணிக்கைகளைத் தோலோடு பிடித்து வைத்திருக்கும் பிணைப்புப் பொருளே இளகுகிறது. மதிலில் கல் அப்படியே இருக்க, சாந்து மட்டும் உதிர்வதைப்போல என்று கொள்ளலாம். எனவே ஒரு மை எதற்குத் தாங்கும், எதற்குத் தாங்காது என்பதை அதன் சாந்துதான் தீர்மானிக்கிறது.

வாட்டர்ப்ரூஃப் பென்சிலிலும் மஸ்காராவிலும் அந்தச் சாந்து மெழுகுகளாலும் பிசின்களாலும் ஆனது. தேன்மெழுகு ஏறத்தாழ 62 முதல் 64 பாகை செல்சியசில் உருகும். பிரேசில் நாட்டுப் பனை ஒன்றின் இலையிலிருந்து கிடைக்கும் கார்னோபா மெழுகு 80 பாகைக்கும் மேலே செல்லும்வரை உருகாது. இவற்றோடு சிலிக்கன் கொண்ட பிசின் ஒன்றையும், ஐசோடொடெக்கேன் போன்ற, விரைவில் ஆவியாகும் ஐதரோகாபன் கரைப்பான் ஒன்றையும் சேர்க்கிறார்கள். குப்பிக்குள் இருக்கும்வரை கரைப்பான் மற்றவற்றை நெகிழ்வாக வைத்திருக்கிறது. இமையில் பூசியவுடன் அது ஆவியாகிப் போக, மெழுகும் பிசினும் நிறத்தை உள்ளே பூட்டிக்கொண்டு மெல்லிய படலமாக இறுகிவிடுகின்றன. பூசிய பின் ஒரு நிமிடமாவது கீழே பார்த்தபடி கண்ணைச் சிமிட்டாமல் இருக்கச் சொல்வது இதனால்தான். கரைப்பான் முழுதும் போகுமுன் கண்ணைத் திறந்தால் மேலிமையின் மடிப்பில் அதே கோடு இன்னொரு பிரதியாக அச்சாகிவிடும்.

கண்ணீர் பெரும்பகுதி தண்ணீர். அதில் உப்பும் புரதங்களும் சிறிதளவு கொழுப்பும் உண்டு. மெழுகுப் படலத்தின் மேல் அது தாமரை இலைத் தண்ணீராக உருண்டு போகிறது. ஆனால் ஒத்த தன்மையுடையது ஒத்த தன்மையுடையதையே கரைக்கும் என்பது இரசாயனத்தின் பழைய விதி. தோலில் சுரக்கும் நெய்ப்பசையில் இருப்பவை கொழுப்புகள், மெழுகு எசுத்தர்கள், ஸ்குவாலீன் என்னும் ஐதரோகாபன் ஆகியவை. சாந்தில் உள்ள மெழுகுக்கு இவை நெருங்கிய உறவுகள்; அதனுள் மெதுவாக ஊறிச் சென்று அதை மென்மையாக்கிவிடுகின்றன. அதன் பிறகு ஒரு சிமிட்டல், ஒரு கைக்குட்டை, ஒரு சிரிப்புச் சுருக்கம் போதும், துணிக்கைகள் இடம்பெயர்ந்துவிடும்.

இதை வீட்டிலேயே ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். உங்கள் பென்சிலால் புறங்கையில் இரண்டு கோடுகள் கீறி, சில நிமிடங்கள் காயவிடுங்கள். ஒன்றின் மேல் ஒரு துளி தண்ணீரையும் மற்றதன் மேல் விரல் நுனியில் தொட்ட தேங்காயெண்ணெயையும் வைத்து, ஒரு நிமிடம் பொறுத்து, டிஷ்யூத் தாளால் ஒருமுறை மட்டும் இழுங்கள். தண்ணீர் வைத்த கோடு பெரும்பாலும் அப்படியே இருக்கும். எண்ணெய் வைத்தது தாளோடு போய்விடும். திருமணத்துக்கு மை வாங்கும் எவரும் கடைக்காரரின் சொல்லை விட்டுவிட்டு இந்தப் பரிசோதனையை நம்புவதே நல்லது. இரண்டாவது கோடும் ஓரளவு தாங்குமானால், அதுவே நீங்கள் தேடும் மை.

அப்படியானால் எண்ணெய் எங்கிருந்து வருகிறது? முதலில், கண்ணிலிருந்தே. இமை விளிம்புகளில் மைபோமியன் சுரப்பிகள் வரிசையாகத் திறக்கின்றன; 1666 இல் அவற்றை விவரித்த செருமானிய மருத்துவர் ஹைன்ரிக் மைபோமின் பெயரைத் தாங்கியவை. கண்ணீர்ப் படலம் விரைவில் ஆவியாகாதபடி அதன் மேல் கொழுப்புப் படை ஒன்றை விரிப்பது இவற்றின் வேலை. நாம் கண்ணுக்கு உள்விளிம்பில் மை இழுக்கும்போது, எண்ணெய் ஊறும் வாய்களின் மேலேயே கோடு போடுகிறோம். 2015 இல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மினுக்கம் கலந்த பென்சிலைக் கொண்டு செய்த ஒரு சிறிய பரிசோதனையில், உள்விளிம்பில் பூசியபோது ஐந்து நிமிடங்களுக்குள் கண்ணீர்ப் படலத்தில் சேர்ந்த துணிக்கைகள், இமைமயிருக்கு வெளியே பூசியபோது சேர்ந்தவற்றைவிட 15 முதல் 30 வீதம் அதிகமாக இருந்தன. அழகுக்காக மட்டுமன்றிக் கண்ணின் நலத்துக்காகவும் கீழிமையின் உள்விளிம்பை வெறுமையாக விடுவதே என் தெரிவு. தங்கை கேட்கவில்லை, மணப்பெண்கள் பொதுவாகக் கேட்பதில்லை.

இரண்டாவது, நாமே பூசுவது. வெயில் காப்புக் களிம்பு, கண்ணடிக் களிம்பு, எண்ணெய் கலந்த பவுண்டேஷன் ஆகிய மூன்றும் காலை ஐந்து மணிக்கு அடுத்தடுத்து முகத்தில் ஏறுகின்றன. எங்கள் முறையில் அதற்கு முன்னரே பால் அறுகு வைத்து நீராட்டுகிறார்கள். பாலிலும் கொழுப்பு உண்டு. பின்பு தலைக்கு எண்ணெய் தொட்டுப் பின்னி, பூ வைத்து, நெற்றிச்சுட்டி கட்டியதும், வகிட்டில் இருந்த எண்ணெய் வெப்பத்தில் மெல்ல நெற்றிக்கு இறங்கத் தொடங்குகிறது. தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகையிலேயே உருகிவிடும் என்பதால், கொழும்பின் பகல் வெப்பத்தில் அது உறைந்து நிற்பதில்லை.

கொழும்பின் காற்றும் இதில் பங்காளி. ஆண்டின் பெரும்பகுதியில் பகல் வெப்பநிலை 30 பாகையை ஒட்டியே நிற்க, சாரீரப்பதன் காலை வேளைகளில் மிக உயர்ந்து காணப்படுகிறது. காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருப்பதால் வியர்வை ஆவியாக மறுத்துத் தோலிலேயே தங்குகிறது. தங்கிய வியர்வை நெய்ப்பசையோடு கலந்து, தேய்ப்புக்கு உதவும் வழுக்குப் பூச்சாக மாறுகிறது. மண்டபத்தில் குளிரூட்டி இருந்தாலும் மணவறைக்குள் ஓமகுண்டம் எரிகிறது. கூறைச் சேலையும் மாலையும் சுமந்து அதன் முன் இரண்டு மணி நேரம் இருப்பவளுக்கு, குளிரூட்டி பின்வரிசை விருந்தினருக்கான வசதி மட்டுமே.

ஓமப்புகையையும் விட்டுவிட முடியாது. விறகு எரியும்போதும், நெய் மிகுதியாகச் சூடாகி அதிலுள்ள கிளிசரோல் சிதையும்போதும் அக்ரோலீன் என்னும் வாயு உண்டாகிறது. கருவிழியின் நரம்பு நுனிகளை அது உறுத்த, கண்ணீர்ச் சுரப்பி அனிச்சையாகவே கண்ணைக் கழுவத் தொடங்குகிறது. இந்தக் கண்ணீரும் மையைக் கரைப்பதில்லை. அதைத் துடைக்கும் கைதான் கெடுக்கிறது. ஏற்கெனவே இளகிய படலத்தின் மேல் துணியை இழுத்தால் என்ன ஆகும் என்பதைப் புறங்கையில் பார்த்துவிட்டோம். டிஷ்யூத் தாளின் மூலையைக் கூராக மடித்து, கண்ணீர் திரளும் உள்மூலையில் தொட்டு நிறுத்தினால் போதும். மயிர்த்துளைமையால் தாளே நீரை உறிஞ்சிக்கொள்ளும். தோழிப்பெண்ணின் கையில் பூத்தட்டைவிட முக்கியமாக இருக்க வேண்டியது இந்தத் தாள்தான்.

இவ்வளவும் தெரிந்த பிறகு பூசும் ஒழுங்கு தானாகவே விளங்கும். இமையின் தோல் உடலிலேயே மிக மெல்லியது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 15 முறை அது மடிந்து விரிகிறது, அதாவது ஆறு மணி நேரச் சடங்கில் ஐயாயிரம் முறைக்கும் மேல். களிம்பு எதையும் மேலிமையில் பூசாமல், பூசியிருந்தால் ஒற்றி எடுத்துவிட்டு, சிலிக்கோன் அடிப்படையிலான பிரைமரை, அதாவது மைக்கு முன் இடும் அடிப்பூச்சை, அரிசியளவு மட்டும் பரப்ப வேண்டும். சிலிக்கோன்கள் தண்ணீரோடும் சேர்வதில்லை, தோல் எண்ணெயோடும் எளிதில் சேர்வதில்லை; இரண்டுக்கும் நடுவே அது வேலி. அதன் மேல் ஐ ஷாடோவின் தூள், எண்ணெயை உறிஞ்சும் இரண்டாவது வேலி. பென்சில் கோடு போட்ட பின் அதே நிறத் தூளைச் சிறு தூரிகையால் கோட்டின் மேல் அழுத்தினால், ஊறி வரும் எண்ணெயை மெழுகுக்கு முன்னதாகத் தூள் குடித்துவிடும். இந்த ஒரு படியைத் தங்கை விட்டுவிட்டாள். படத்தில் தெரிந்த நிழலின் பாதி அதன் விலை என்று நினைக்கிறேன். மஸ்காராவில் இன்னொரு வகையும் உண்டு. இமைமயிரைச் சுற்றிப் பல்பகுதியத்தால் (பொலிமரால்) நுண்குழாய் அமைப்பது அது. எண்ணெய்க்கு அசையாது, இளஞ்சூட்டு நீரில் ஊறினால் குழாயாகவே கழன்று வரும். எண்ணெய்த் தோல் உடையவர்களுக்கு வாட்டர்ப்ரூஃபைவிட இதுவே பொருந்தும்.

திருத்துவதற்கு நம் சடங்கே ஒரு வாய்ப்பைத் தருகிறது. மணமகள் கூறையைப் பெற்றுக்கொண்டு உடை மாற்ற எழுந்து போகிறாள் அல்லவா, அந்த இடைவேளையில் பெரும்பாலோர் செய்யும் தவறு பழைய மையின் மேல் புதிய மை போடுவது. இளகிய சாந்தின் மேல் எழுப்பிய மதில் நிற்காது. முதலில் உலர்ந்த பஞ்சுக்குச்சியால் கீழிமையை ஒற்றி எண்ணெயை எடுத்து, தூள் தொட்டு, அதன் பின்னரே கோட்டைத் தொட வேண்டும்.

கண்ணைப் பெரிதாகக் காட்டுவது மையின் அளவு அல்ல, அதன் இடம். ஒரு வட்டத்தைச் சற்றே பெரிய வட்டம் சூழ்ந்திருந்தால் உள்வட்டம் பெரிதாகத் தோன்றும். வெளிவட்டம் மிகப் பெரிதானால் மாறாகச் சிறுத்துத் தோன்றும். 19 ஆம் நூற்றாண்டில் பெல்ஜிய அறிஞர் டெல்பூஃப் விவரித்த இந்தத் தோற்ற மயக்கமே இமைமயிரை ஒட்டிய மெல்லிய கோட்டின் இரகசியம். அதற்கு அருகே வெண்விழி மேலும் வெண்மையாகத் தெரிவதற்கும் காரணம் உண்டு. பாரிசின் கோபலின் நெசவாலையில் சாயத்துறைக்குப் பொறுப்பாக இருந்த செவ்ரூல், நிறங்கள் அண்டை நிறங்களால் மாறித் தெரிவதை 1839 இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். கறுப்புச் சாயம் மங்குகிறது என்ற முறைப்பாட்டை ஆராய்ந்த அவர், குறை சாயத்தில் இல்லை, பக்கத்தில் நெய்த நூலின் நிறத்தில்தான் என்று கண்டார்.

மினுக்கம் வேறு கதை. பொன்னிற ஐ ஷாடோவில் பொன் இல்லை. மைக்கா என்னும் கனிமத்தின் மென்தகடுகளின் மேல் தைத்தானியம் ஈரொட்சைட்டை நானோமீட்டர் கணக்கில் பூசியிருக்கிறார்கள். அந்தப் பூச்சின் தடிப்புக்கு ஏற்ப ஒளியலைகள் ஒன்றோடொன்று குறுக்கிட்டு வெள்ளியாகவோ பொன்னாகவோ தெரிகின்றன. தூரிகையால் தூவினால் தகடுகள் தாறுமாறாக நின்று ஒளியைச் சிதறடிக்கும். விரலால் அழுத்தினால் படுத்து, கண்ணாடிபோல் ஒரே திசையில் திருப்பும். படத்தில் முகத்தில் வெள்ளைத் திட்டுகள் தெரிவதும் ஒளிச்சிதறலால்தான். நுண்ணிய சிலிக்காத் தூளை அளவுக்கு மீறி இட்டால் அறை வெளிச்சத்தில் அது கண்ணுக்குப் படாது. ஆனால் கமராவின் பிளாஷ் நேர் எதிரே பாய்ந்து அதே வழியே திரும்பும்போது அப்பட்டமாகிவிடும். ஆதலால் ஒத்திகை பார்க்கும் நாளில் கண்ணாடியோடு நிறுத்தாமல், பிளாஷ் போட்டு ஒரு படமும் எடுத்துப் பாருங்கள். அதிகாலை நாலரைக்குச் சூரியன் இல்லாததால், மஞ்சள் விளக்கை விட்டு 5000 கெல்வின் (விளக்கொளியின் நிறத்தைக் குறிக்கும் அலகு) அளவிலான வெள்ளை விளக்கை முகத்துக்கு நேரே வைத்துப் பூசுவது நல்லது. தலைக்கு மேலிருந்து விழும் வெளிச்சம் இமைக்குழியில் நிழல் போடும். அதை மறைக்கப் போய் மினுக்கம் கூடிவிடும்.

பாதுகாப்பைப் பற்றி இரண்டு சொல். 1933 அளவில் அமெரிக்காவில் விற்கப்பட்ட லாஷ் லூர் என்னும் இமைச்சாயம் பெண்களைப் பார்வையிழக்கச் செய்தது. அங்கே அழகுசாதனங்களைக் கட்டுப்படுத்தும் 1938 ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அதுவும் ஒரு காரணம். சுர்மா என்று விற்கப்படும் கண்மைத் தூள்கள் சிலவற்றில் இன்றும் ஈயச் சல்பைட்டு இருக்கிறது. பெயர் தெரியாத சிமிழ் எதையும் கண்ணருகே கொண்டுபோகாதீர்கள். செயற்கை இமைமயிரின் பசையைத் திருமணத்துக்கு ஒரு கிழமை முன்னரே முழங்கையின் உட்புறத்தில் தொட்டு இரண்டு நாட்கள் பார்க்க வேண்டும். தோழியின் மஸ்காராவைக் கடன் வாங்கக் கூடாது.

இரவில் இவை எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். அன்றிரவு தங்கை சவர்க்காரமும் தண்ணீருமாகக் கண்ணைத் தேய்த்துச் சிவக்க வைத்துக்கொண்டு, மை போகவில்லை என்று எனக்குத் தொலைபேசியில் முறையிட்டாள். பஞ்சில் ஐந்தாறு துளி தேங்காயெண்ணெய் விட்டு, மூடிய இமையின் மேல் அரை நிமிடம் வெறுமனே வைத்திருக்கச் சொன்னேன். தேய்க்காமல் கீழ்நோக்கி ஒருமுறை எடுத்ததும், காலையிலிருந்து கண்ணீருக்கு அசையாதிருந்த கோடு முழுதாகப் பஞ்சில் இருந்தது.