வரைபடத்தின் கரைக்கோடு தண்ணீர் நிற்கும் இடமல்ல

தீவுகள் சிதறிக் கிடக்கும் ஆளரவமற்ற கடற்கரையொன்றில், நிலவரைபடத்தின் கரைக்கோட்டுக்குச் சற்று உள்ளே கூடாரம் அடித்துத் தூங்கிய கயாக் குழு ஒன்று, நள்ளிரவில் ஏறிவந்த கடலில் உணவையும் ஒரு படகையும் பறிகொடுத்தது. வரைபடம் தவறு என்று அவர்கள் எழுதியிருக்கிறார்கள். நில அளவைப் பணியில் இருக்கும் எனக்கு இப்படி வரும் கடிதம் இது முதலாவதல்ல என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

கரைக்கோடு தவறாக வரையப்படவில்லை. பல நாட்டு வரைபடங்களில் அது சராசரி உயர் ஓதத்தின் எல்லையைக் குறிக்கிறது (ஓதம் என்பது கடல்மட்டம் நாள்தோறும் ஏறி இறங்குவது; ஏறி முடியும் நிலையே உயர் ஓதம்). சராசரி என்ற சொல்லை மக்கள் உச்சம் என்றே படித்துக்கொள்கிறார்கள். பல ஆண்டுகளின் உயர் ஓதங்களைக் கூட்டி எடுத்த சராசரி அது. ஆகவே ஏறக்குறைய பாதி உயர் ஓதங்கள் அந்தக் கோட்டைத் தாண்டியே வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இன்னும் மேலே ஏறும். புயற்காற்று கரைநோக்கி வீசினால் கணக்கே வேறு. நிலவரைபடத்தில் உயரங்கள் பெரும்பாலும் சராசரிக் கடல்மட்டத்திலிருந்தும், கடல்வழி வரைபடத்தில் ஆழங்கள் மிகத் தாழ்ந்த ஓதத்தை ஒட்டிய மட்டத்திலிருந்தும் அளக்கப்படுவதால், இரண்டின் பூச்சியமும் ஒன்றல்ல.

கைப்பேசியில் படத்தைப் பெரிதாக்கினால் துல்லியம் கூடும் என்ற நம்பிக்கையையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். 1:50,000 அளவுத்திட்டத்தில் அரை மில்லிமீட்டர் கோடு தரையில் 25 மீட்டர். சமஉயரக் கோடுகள் 20 மீட்டர் இடைவெளியில் இருந்தால், 15 மீட்டர் செங்குத்துப் பாறை எந்தத் தடயமும் இன்றி இரு கோடுகளுக்கிடையே மறைந்துவிடக்கூடும். சிறு பாறைத்தீவுகள் பல, இடமின்மையால் விடப்பட்டவையே.

நிலவரைபடத்தை மட்டும் வைத்துக்கொண்டு படகில் ஏறாதீர்கள். கடல்வழி வரைபடமும் அந்நாளுக்குரிய ஓத அட்டவணையும் கையில் இருக்கட்டும். ஜி.பி.எஸ். கருவியின் ஆள்கூற்று அமைப்பு (இடத்தை எண்களால் குறிக்கும் முறை) வரைபடத்தினுடையதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். பழைய தாள்களில் இந்த வேறுபாடு நூறு மீட்டரைக்கூடத் தாண்டலாம். ஒதுங்கிய கடற்பாசியும் மரக்கட்டைகளும் கிடக்கும் வரிசைக்கு மேலே, நிலத்தாவரங்கள் வேரூன்றிய இடத்தில் மட்டுமே கூடாரம் அடியுங்கள்.

கரை மாறியிருப்பதைக் கண்டால் அவசியம் எழுதுங்கள். நாளையும் நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள். ஓதம் எந்த நிலையில் இருந்தது என்பது தெரியாமல் அந்தத் திருத்தத்தை எங்களால் வரைய முடியாது.