ஆர்எக்ஸ் 100-க்கு 28 எம்எம் கார்புரேட்டர் ஏன் வேண்டாம்

போன மாதம் ஒரு தம்பி யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கைத் தள்ளிக்கொண்டே பட்டறைக்கு வந்தான். "அண்ணா, 28 எம்எம் கார்ப் போட்டேன். சிக்னல்ல முறுக்குனா அப்படியே அமுங்கிடுது." பிளக்கைக் கழற்றினேன். கரி படிந்து, பெட்ரோலில் நனைந்திருந்தது. சைலன்சர் பழையது, சிலிண்டரில் காற்றும் புகையும் போய்வரும் வழியான போர்ட்டில் யாரும் கை வைக்கவில்லை. பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் மட்டும் பெரிசு.

கம்பெனி அந்த வண்டிக்குக் கொடுத்தது 20 எம்எம். எட்டு எம்எம்தானே கூடுகிறது என்று தோன்றும். ஆனால் காற்று போவது வட்டத் துளை வழியாக. 20-க்குப் பரப்பு 314 சதுர மில்லிமீட்டர், 28-க்கு 616. கிட்டத்தட்ட இரட்டிப்பு. இன்ஜின் அதே 98 சிசி, இழுக்கும் காற்றும் அதே அளவு. அப்படியென்றால் துளையில் காற்றின் வேகம் பாதியாகிவிடும். ஜெட் என்ற சின்னத் துளையிலிருந்து பெட்ரோலை மேலே உறிஞ்சுவது அந்த வேகம்தான். அது பாதியானால் உறிஞ்சும் விசை கால்வாசியாகிவிடும். வருகிற கொஞ்ச பெட்ரோலும் புகைபோலப் பிரியாமல் சொட்டாகப் போகும். விறகடுப்பு ஊதியவர்களுக்கு இது புரியும், ஊதுகுழலுக்குப் பதில் அகலமான பைப்பை வாயில் வைத்தால் மூச்சுதான் வாங்கும். இந்த வண்டியில் அமுங்குவதைச் சரிக்கட்ட யாரோ ஐடிலிங்குக்கான பைலட் ஜெட், ஃபுல் த்ராட்டிலுக்கான மெயின் ஜெட் இரண்டையும் பெரிதாக்கியிருந்தார்கள். பிளக் நனைந்தது அதனால்தான்.

நான் போடும் கணக்கு இது. சிலிண்டர் கொள்ளளவை லிட்டரில் எடுத்து, உச்ச பவர் வரும் ஆர்பிஎம்மால் பெருக்கி, வர்க்கமூலம் கண்டு, 0.65 முதல் 0.9 வரை ஒரு எண்ணால் பெருக்க வேண்டும். ஆர்எக்ஸுக்கு 0.098 × 7500 = 735, வர்க்கமூலம் சுமார் 27. விடை பதினேழரையிலிருந்து 24 எம்எம் வரை வரும். 0.9 ரேஸ் டிராக்குக்கு. ரோட்டில் பாதி த்ராட்டிலைத் தாண்டுவதே அபூர்வம் என்பதால் நான் 0.8-க்கு மேல் போவதில்லை. போர்ட்டை நன்றாகச் செதுக்கி, ரேஸ் சைலன்சரான சேம்பரும் போட்டு 9000 ஆர்பிஎம்மில் பவர் எடுக்கும் வண்டிக்குக்கூட அந்தக் கணக்கில் 24 எம்எம்தான் வருகிறது. ஸ்டாக் இன்ஜினுக்கு 20-ஐச் சுத்தம் செய்து போட்டாலே போதும்.

பிக்கப் போவதைவிட எனக்குப் பயம் ஆயில் பம்ப்பில்தான். ஆர்எக்ஸில் ஆக்ஸிலேட்டர் கேபிள் இரண்டாகப் பிரியும். ஒன்று கார்புரேட்டருக்கு, இன்னொன்று டூ-ஸ்ட்ரோக் இன்ஜினுக்கான 2டி ஆயிலை அளந்து கொடுக்கும் பம்ப்புக்கு. கார்ப் மாறினால், உள்ளே காற்றுவழியைத் திறக்கும் ஸ்லைடு ஏறும் தூரம் மாறும். கேபிளை இழுத்துக் கட்டி "ஐடிலிங் நிக்குது, சரி" என்று அனுப்பிவிடுகிறார்கள். பம்ப்பில் உள்ள மார்க் பொருந்துகிறதா என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை. ஃபுல் த்ராட்டிலில் ஆயில் குறைந்தால் பிஸ்டன் சிலிண்டரில் இறுகி சீஸ் ஆகும், பின் சக்கரம் லாக் ஆகும். அப்போது எவ்வளவு வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி.

ஜெட் நம்பரிலும் ஒரு குழி உண்டு. கார்புரேட்டர் கம்பெனிகளான மிக்குனியின் 100-ம் கெய்ஹினின் 100-ம் ஒன்றல்ல, இரண்டும் வேறு வேறு அளவுமுறை. இன்னொன்று, கோவையில் சரியாக ஓடும் வண்டி 2,240 மீட்டர் உயரத்தில் ஊட்டியில் பெட்ரோல் கூடிப் புகையும். காற்று மெலிது, அவ்வளவுதான். அங்கேயே ஜெட்டைச் சின்னதாக்கிவிட்டு அப்படியே மேட்டுப்பாளையம் இறங்கினால் கலவையில் பெட்ரோல் பற்றாது. இன்ஜின் சூடேறி பிளக் வெள்ளையாகிவிட்டால் அடுத்து ஓட்டையாவது பிஸ்டன்.

தம்பியிடம் பழைய 20 எம்எம் கார்பைக் கொண்டுவரச் சொன்னேன். தலையைச் சொறிந்தான். "அதை அப்பவே வித்துட்டேண்ணா." ஒரிஜினல் ஒன்று தேடிப்பிடிக்க அவனுக்கு இரண்டு வாரம் ஆனது, வித்த விலையைப்போல மூன்று மடங்கு கொடுத்து.