694 மைக்ரோவினாடிக்குள் விழித்தெழ வேண்டும்

கோத்தகிரிக்கு அருகே ஒரு சிறு தேயிலைத் தோட்டத்தில், இலை நனைந்திருக்கும் நேரத்தையும் காற்றின் ஈரப்பதத்தையும் மழையளவையும் இரவு பகலாகக் குறித்து வைக்க ஒரு பெட்டியை அமைத்துக் கொடுத்தேன். கொழுந்து நெடுநேரம் ஈரமாகவே இருக்கும் நாள்களில்தான் கொப்புள நோய் பரவும் என்பதால், மருந்து எப்போது அடிப்பது என்று முடிவு செய்யத் தோட்டக்காரருக்கு அந்தக் கணக்கு தேவைப்பட்டது. உணர்விகளைக் கவனிக்கும் சிறு கருவியொன்று நிமிடத்துக்கு ஒருமுறை தன் அளவுகளை, எழுத்துகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டுசெல்லும் சீரியல் கம்பி வழியே அனுப்பும். லினக்ஸ் இயங்கும் பழைய மினி பிசி ஒன்று அவற்றை வாங்கிச் சேமிக்கும். மின்சாரம் கூரைமேல் வைத்த சோலார் தகட்டிலிருந்தும் ஒரு பேட்டரியிலிருந்தும் வந்தது. மழைக்காலம் தொடங்கி மூடுபனி இறங்கிவிட்டால் நாள்கணக்கில் வெயில் தலைகாட்டாத சரிவு அது. மினி பிசி சும்மா இருக்கும் நேரத்தில் எவ்வளவு குறைவாக மின்சாரம் எடுக்கிறதோ, அவ்வளவு நாள் பேட்டரி தாங்கும் என்பதால், மின்சிக்கனத்துக்கான எல்லா வசதிகளையும் இயக்கி வைத்தேன்.

சில நாள்களில் தரவில் ஒரு குறை தெரிந்தது. ஒவ்வொரு தொகுதியின் தொடக்கத்திலும் தேதியும் நேரமும் வரும். ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம் எல்லாம் சரியாக இருக்க, வினாடி தொடங்கும் இடத்தில் மட்டும் அவ்வப்போது ஓர் எழுத்து காணாமற்போயிருந்தது. கம்பியை மாற்றினேன், இணைப்பில் ஈரம் ஏறியிருக்குமோ என்று கழற்றித் துடைத்தேன், பயனில்லை. ஆனால் நான் மினி பிசிக்குள் புகுந்து பதிவுகளை அலசிக்கொண்டிருந்த நேரங்களில் மட்டும் ஓர் எழுத்தும் தவறவில்லை. வேலை மிகுந்திருக்கும்போது பிழையின்றி வாங்கும் கணினி, ஓய்ந்திருக்கும்போதுதான் எழுத்தைத் தவறவிடுகிறது என்பதைக் கவனித்த பிறகே, பிராசசரின் உறக்கத்தின் மீது என் சந்தேகம் திரும்பியது.

செய்ய வேலையில்லாத பிராசசரை இயங்குதளம் உறங்க வைக்கிறது. அந்த உறக்கத்துக்குப் பல ஆழங்கள் உண்டு. சி1 என்னும் மேலோட்டமான நிலையில் கட்டளைகளை நிறைவேற்றும் பகுதிக்குச் செல்லும் கடிகாரத் துடிப்பு மட்டும் நிற்கும். மின்னழுத்தம் அப்படியே இருக்கும். சி6 போன்ற நிலைகளில், பிராசசருக்குள் தனித்து இயங்கும் கணிப்பகுதியான கோர் தன் இடைநினைவகத்தில் இருப்பதை வெளியே எழுதிவிட்டு, தன் நிலையைத் தனியிடத்தில் பத்திரப்படுத்திவிட்டு, மின்சாரத்தையே துண்டித்துக்கொள்ளும். சி8, சி10 என இன்னும் ஆழமாகப் போனால், கோர்கள் பொதுவாகப் பயன்படுத்தும் பகுதிகளும் ஒவ்வொன்றாக அணையும். எவ்வளவு பகுதிகளை அணைக்கிறோமோ அவ்வளவையும் விழிக்கும்போது மீட்டாக வேண்டும்: மின்னழுத்தம் ஏறி நிலைப்பட வேண்டும், கடிகாரம் சீராக வேண்டும், சேமித்த நிலை திரும்ப வேண்டும். இன்டெலின் ஸ்கைலேக் பிராசசர்களுக்கு லினக்ஸ் வைத்திருக்கும் அட்டவணையில், சி1 நிலையிலிருந்து எழ 2 மைக்ரோவினாடி (வினாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோவினாடி), சி6இலிருந்து 85, சி8இலிருந்து 200, சி9இலிருந்து 480, சி10இலிருந்து 890 மைக்ரோவினாடி என்று இருக்கிறது.

இதே அட்டவணையில் இன்னொரு எண்ணும் ஒவ்வொரு நிலைக்கும் உண்டு. என் கணிப்பில் இதுவே முக்கியமானது. ஒரு நிலைக்குள் போவதற்கும் திரும்புவதற்கும் செலவாகும் மின்சாரத்தை ஈடுகட்ட, அங்கே குறைந்தது எவ்வளவு நேரம் தங்க வேண்டும் என்பது அந்த எண். சி6க்கு அது 200 மைக்ரோவினாடி. சி9, சி10 இரண்டுக்கும் 5000 மைக்ரோவினாடி, அதாவது 5 மில்லிவினாடி. அதற்கு முன்பே எழுப்பிவிட்டால் ஆழ்ந்த உறக்கத்தால் மிச்சமாவதைவிடச் செலவாவது அதிகம். நீலகிரியில் இருப்பவர்களுக்கு இதை விளக்கக் குந்தா, பைக்காரா நீர்மின் நிலையங்களே போதும். அனல்மின் நிலையத்தை முழுதும் குளிரவிட்டால் கொதிகலனைச் சூடாக்கி மீண்டும் மின்தொகுப்பில் இணைக்கப் பல மணி நேரமாகும், அந்தச் சூடாக்கலுக்கே எரிபொருள் கரையும். ஆகவே ஒரு மணி நேரத் தேவைக் குறைவுக்காக அதை யாரும் அணைப்பதில்லை. நீர்மின் நிலையத்திலோ வால்வைத் திறந்து சக்கரத்தைச் சுழலவிட்டுச் சில நிமிடங்களில் மின்சாரம் தரலாம். ஆகவே தேவையில்லாத நேரத்தில் தயங்காமல் நிறுத்தி வைத்து, மாலை நேர உச்சத் தேவைக்கு ஓட விடலாம். எதை எப்போது அணைப்பது என்ற முடிவு, மறுபடி எழ எவ்வளவு நேரமாகும் என்பதையும், அடுத்த தேவை எப்போது வரும் என்பதையும் சேர்த்தே எடுக்க வேண்டிய முடிவு.

மின்நிலையச் சுழலியின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவிக்குக் கவர்னர் என்று பெயர். லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலில் எந்த ஆழத்துக்குப் போவது என்று முடிவு செய்யும் பகுதிக்கும் அதே பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். பிராசசர் ஓய்ந்த ஒவ்வொரு முறையும், அடுத்து எப்போது எழ வேண்டியிருக்கும் என்று கவர்னர் கணிக்க வேண்டும். அடுத்த டைமர் எப்போது அடிக்கும் என்பது அதற்குத் துல்லியமாகத் தெரியும், ஏனெனில் அதை வைத்ததே கெர்னல்தான். கம்பியில் எழுத்து எப்போது வரும், விசையை யார் எப்போது அழுத்துவார் என்பது தெரியாது. மெனு என்ற கவர்னர், டைமருக்குள்ள நேரத்தை எடுத்துக்கொண்டு, கடந்த 8 உறக்கங்கள் உண்மையில் எவ்வளவு நீடித்தன என்று பார்த்துத் தன் கணிப்பைத் திருத்திக்கொள்ளும். 2019இல் கெர்னலில் சேர்ந்த டியோ என்னும் மற்றொரு கவர்னர், பெரும்பாலான விழிப்புகள் டைமரால்தான் நிகழ்கின்றன என்ற அனுபவத்தை அடிப்படையாகக் கொண்டது. முன்பெல்லாம் கெர்னல் வினாடிக்கு 250 அல்லது 1000 முறை ஒரே சீராகத் தன்னைத் தானே எழுப்பிக்கொள்ளும். 4 மில்லிவினாடிக்கு ஒருமுறை எழுப்பப்படும் பிராசசருக்கு 5 மில்லிவினாடி தங்க வேண்டிய உறக்கம் கிடைத்திருக்கவே முடியாது. 2007இல் வந்த 2.6.21 பதிப்பு, ஓய்ந்திருக்கும்போது அந்தத் துடிப்பை நிறுத்தக் கற்றுக்கொண்ட பிறகுதான் ஆழ்ந்த உறக்கங்கள் பயனுக்கு வந்தன.

விழித்திருக்கும்போது வேகத்தைக் குறைப்பது மின்சிக்கனத்தின் மறுபாதி. இயங்கும் பகுதி எடுக்கும் மின்திறன், மின்னழுத்தத்தின் வர்க்கத்தையும் துடிப்பு வேகத்தையும் பெருக்கிய அளவுக்கு ஏற்ப மாறும். இரண்டையும் 20 சதவீதம் குறைத்தால் திறன் ஏறக்குறைய பாதியாகும். ஆனால் என் பெட்டி நிமிடத்தின் பெரும்பகுதியைச் சும்மா கழிப்பது. அதற்கு வேகத்தைவிட உறக்கமே பெரிது.

இனி என் காணாமற்போன எழுத்துக்கு வருகிறேன். சீரியல் கம்பியின் வேகம் வினாடிக்கு 115200 பிட். தொடக்க, முடிவு பிட்டுகளோடு ஓர் எழுத்துக்கு 10 பிட். ஆகவே ஓர் எழுத்து வந்து சேர 86.8 மைக்ரோவினாடி. எழுத்துகளை வாங்கும் 16550 வகைச் சில்லில் 16 எழுத்துகள் தங்கும் ஒரு பஃபர் இருக்கிறது. 8 எழுத்துகள் சேர்ந்ததும் பிராசசரை எழுப்பும்படி லினக்ஸ் அதை அமைத்து வைக்கும். அந்த அழைப்புக்குப் பிறகு பஃபரில் எஞ்சியிருப்பது 8 எழுத்துகளுக்கான இடம். அது நிரம்ப 694 மைக்ரோவினாடி. சி10 நிலையில் கிடக்கும் பிராசசர் எழ 890 மைக்ரோவினாடி வரை ஆகலாம். அதற்குள் 10 எழுத்துகள் வந்துவிடும். பஃபர் நிரம்பிய பின் வந்தவற்றில் ஒன்றிரண்டு விழுந்துவிடும். 4 இலக்க ஆண்டில் தொடங்கும் தேதி நேரக் குறிப்பில் 17ஆம் இடத்தில் இருப்பது நிமிடத்துக்கும் வினாடிக்கும் நடுவிலுள்ள முக்காற்புள்ளி. 18ஆம் இடத்தில் வினாடியின் முதல் இலக்கம். குறை எப்போதும் அங்கேயே வந்ததற்குக் காரணம் இதுதான். முதல் அழைப்பில் எழுந்துவிட்ட பிராசசர், அடுத்தடுத்த எழுத்துகள் விரைந்து வருவதைக் கண்டு மேலோட்டமாகவே கண்ணயர்ந்தது; ஆகவே தொகுதியின் எஞ்சிய பகுதி முழுமையாக வந்தது. கெர்னல் வைத்திருக்கும் சீரியல் போர்ட் கணக்கில், வழிந்து வீணானவற்றின் எண்ணிக்கை நாள்தோறும் ஏறிக்கொண்டிருந்ததையும் பிறகு பார்த்தேன்.

பெரும்பாலானோர் இந்த இடத்தில் செய்வது, ஆழ்ந்த உறக்க நிலைகளை அடியோடு முடக்குவது. எழுத்து தவறாது, ஆனால் ஒரு நிமிடத்தில் சில மில்லிவினாடிகளே தேவைப்படும் விழிப்புக்காக முழு நிமிடமும் மின்சாரம் போகும். கவர்னர் தவறு செய்யவில்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும். 890 மைக்ரோவினாடி தாமதம் யாருக்காவது கேடு விளைவிக்கும் என்று அதனிடம் எவரும் சொல்லவில்லை. சொல்லாத தேவையை அது மின்சிக்கனத்தின் பக்கமே தீர்த்துக்கொள்ளும்.

சொல்வதற்கான ஏற்பாடு 2008இல் வந்த 2.6.25 பதிப்பிலேயே கெர்னலுக்குள் வந்துவிட்டது. மின்மேலாண்மைச் சேவைத்தரம் என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம். இத்தனை மைக்ரோவினாடிக்கு மேல் என்னால் காத்திருக்க முடியாது என்று ஒரு கருவியைக் கையாளும் கெர்னல் பகுதியான டிரைவரோ ஒரு நிரலோ கெர்னலிடம் பதிவு செய்யும். அந்த எல்லையைத் தாண்டும் உறக்க நிலைகளைக் கவர்னர் தன் தேர்விலிருந்து விலக்கிவிடும். சென்ட்ரினோ காலத்து இன்டெல் வைஃபை கருவி ஒன்றின் டிரைவர், 175 மைக்ரோவினாடிக்கு மேல் தாமதம் கூடாது என்று இப்படித்தான் கேட்டுக்கொள்ளும். சாதாரண நிரல்கள் கேட்பதற்கென்று, சிபியு டிஎம்ஏ லேட்டன்சி என்ற பெயரில் ஒரு சாதனக் கோப்பு இருக்கிறது. அதைத் திறந்து, மைக்ரோவினாடியில் ஓர் எண்ணை எழுதி, மூடாமல் வைத்திருக்க வேண்டும். மூடிய கணமே கோரிக்கை ரத்தாகும். நிரல் இடையில் செத்துப்போனாலும் கெர்னலே அதை மூடிவிடுவதால், கேட்டவர் போன பிறகும் கோரிக்கை நின்று மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டிருக்காது. இந்த வடிவமைப்பை நான் மிகவும் மதிக்கிறேன்.

பலர் பல எண்களைக் கேட்டால் மிகச் சிறிய எண்ணே செல்லும். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் போகும் முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர் வீட்டில் ஒருவர் இருந்தால், அன்று அந்த வீட்டு அடுப்பு அவருடைய நேரத்துக்குத்தான் எரியும். ஆகவே காரணமின்றிச் சுழியத்தைக் கேட்கும் ஒரே ஒரு நிரல், மற்ற எல்லாரும் விட்டுக்கொடுத்ததையும் வீணாக்கிவிடும். ஒவ்வொரு நிரலும் தனக்கு உண்மையில் எவ்வளவு பொறுக்க முடியும் என்று கணக்கிட்டுக் கேட்பதில்தான் இந்த ஏற்பாட்டின் பயன் முழுதும் இருக்கிறது. அந்தக் கணக்கைப் போடாமல் சுழியம் கேட்கும் பழக்கத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன்.

இந்தக் கணக்கு கருவிக்குக் கருவி எவ்வளவு வேறுபடும் என்பதற்கு அதே பெட்டியோடு இணைந்த மழைமானியே சான்று. 0.2 மில்லிமீட்டர் மழைக்கு ஒருமுறை கவிழும் சிறு வாளி அதில் இருக்கிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அத்தகைய நாளிலும் அந்த வாளி 4000 முறை கவிழ்ந்திருக்கும், சராசரியாக 21.6 வினாடிக்கு ஒருமுறை. அந்தக் கணக்கை வைத்துக்கொள்ள 890 மைக்ரோவினாடி தாமதம் ஒரு பொருட்டே இல்லை. மழைமானிக்காக எந்தக் கோரிக்கையும் பதிவு செய்ய வேண்டியதில்லை.

சீரியல் கம்பிக்கு நான் கேட்டது 400. கணக்குப்படி சி9இன் 480 மைக்ரோவினாடியும் 694க்குள் அடங்குகிறது. ஆனால் பிராசசர் எழுந்த பிறகு கெர்னல் அந்த அழைப்பைக் கையில் எடுக்கவும் நேரம் வேண்டும், வேறொரு டிரைவர் சிறிது நேரம் அழைப்புகளைத் தடுத்து வைத்திருக்கவும் கூடும். 400 என்று கேட்டால் 200 மைக்ரோவினாடியில் எழக்கூடிய சி8 வரை போகலாம், தாராளமான இடைவெளியும் மிஞ்சும். அனுப்பும் கருவியின் வேகத்தை 9600 பிட்டுக்குக் குறைக்க முடிந்திருந்தால், 8 எழுத்துக்கு 8.3 மில்லிவினாடி கிடைத்து எந்தக் கோரிக்கையும் தேவைப்பட்டிருக்காது. அந்தக் கருவியில் வேகம் மாற்ற வழியில்லை. பெரிய பஃபர் இருந்தாலும் இதே பயன்தான்: காத்திருக்க இடம் கூடக் கூட உறக்கம் ஆழமாகலாம்.

ஒரு குறிப்பிட்ட கோருக்கு மட்டும் எல்லை வைக்கவும் லினக்ஸ் இடம் தருகிறது. சீரியல் அழைப்புகளை ஒரே கோரிடம் ஒப்படைத்து, அதை மட்டும் மேலோட்டமாக உறங்க வைத்து, மற்றவற்றை ஆழ விடலாம் என்று முயன்றேன். கோர்கள் அளவில் அது பலித்தது. ஆனால் பொதுப் பகுதிகள், மிக மேலோட்டமாக உறங்கும் கோருக்கு ஏற்ற ஆழத்துக்கே போகும் என்பதால் மிச்சம் சிறிதாகவே இருந்தது. ஆகவே இடத்தைப் பிரிப்பதைக் கைவிட்டு நேரத்தைப் பிரித்தேன்.

தொகுதி நிமிடத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. எப்போது வரும் என்பதும் கடந்த தொகுதியைக் கொண்டு தெரியும். வாங்கும் நிரல் இப்போது அதற்கு 2 வினாடி முன்பு அந்தச் சாதனக் கோப்பைத் திறந்து 400 என்று எழுதுகிறது. தொகுதி முடிந்ததும் மூடிவிடுகிறது. அனுப்பும் கருவியின் கடிகாரம் குளிரில் சற்றே பிசகினாலும், ஒவ்வொரு வருகையையும் கொண்டு அடுத்ததைத் திருத்திக்கொள்கிறது. நிமிடத்தில் ஏறத்தாழ 57 வினாடி சி10 வரை போகத் தடையில்லை. மூடுபனி விலகாத ஒரு வாரம் கழித்துத் தோட்டத்துக்குப் போய்ப் பார்த்தபோது பேட்டரியில் மின்சாரம் மீதமிருந்தது. வழிந்த எழுத்துகளின் எண்ணிக்கை நான் விட்டுவந்த அதே எண்ணில் நின்றிருந்தது.